மாடிப் புடவைக்கடை: முதலில் படி, பிறகு வெளிச்சம்

யாழ்ப்பாணத்தில் கூறை, அதாவது கல்யாணப் புடவை, எடுக்க யாரும் தனியாக வருவதில்லை. அம்மம்மா, மாமி, சித்தி என்று ஒரு வான் நிறைய வருவார்கள். கூறைப் பகுதியை மேல்மாடியில் வைப்பதென்றால் உள் அலங்காரத்துக்கு முன் படியைக் கவனியுங்கள். வாசலில் நின்றாலே அது கண்ணில் படவேண்டும். படியின் உயரம் ஆறு அங்குலத்தைத் தாண்டாமல், நடுவில் இளைப்பாற ஒரு வாங்கும் இருந்தால் முழங்கால் வலிக்காரரும் ஏறிவிடுவார்கள்.

அடுத்தது வெளிச்சம். மஞ்சள் பல்பின் கீழ் அரக்காகத் தெரிந்த கூறை, வீட்டு முற்றத்தில் விரித்தால் வேறு சிவப்பாக நிற்கும். எல்.இ.டி. வாங்கும்போது பெட்டியில் 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள், கெல்வின் என்பது வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்று சொல்லும் அளவு, சி.ஆர்.ஐ. என்பது நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு. அப்புறம், ஒரு யன்னலையாவது அலுமாரியால் மறைக்காதீர்கள். வடக்குப் பக்கம் என்றால் நல்லது, நேர் வெயில் குறைவு, பட்டு சீக்கிரம் வெளிறாது. அந்த யன்னலடியில் ஓர் ஆளுயரக் கண்ணாடி வையுங்கள். சேலையைத் தோளில் போட்ட பிள்ளை அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் இடம் அதுதான். அங்கே சாமான் அடுக்காமல் நாலு கதிரை போடுங்கள்.