குரோன் நோய்க்கான ஊசிமருந்தை வீட்டில் பேணுதல்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற டர்பன் பகுதிகளில் குரோன் நோய்க்கு (குடலில் ஏற்படும் நாட்பட்ட அழற்சி) அடலிமுமாப் என்ற, நோயெதிர்ப்பைத் தணிக்கும் ஊசியைத் தொடங்கவிருக்கும் நம்மவர்கள், முதலில் காசநோய்ப் பரிசோதனையை முடித்துக்கொள்ள வேண்டும். உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை இம்மருந்து தட்டி எழுப்பிவிடக்கூடும் என்பதால், காசநோய் மிகுந்த தென்னாப்பிரிக்காவில் இதை வெறும் சடங்காகக் கருதலாகாது.

ஊசிப்பேனாவை (மருந்து நிரப்பிய, பேனா வடிவ ஊசி) அட்டைப்பெட்டியோடு, 2 முதல் 8 பாகை செல்சியஸில், குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம். ஊறுகாய்ப் போத்தலுக்காகக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே சூடு ஏறும். ஒருமுறை உறைந்துபோன மருந்தை, உருகிய பின்னரும் பயன்படுத்தக் கூடாது.

மின்வெட்டுதான் பெரிய தலைவலி. பல தயாரிப்புகள் 25 பாகைக்கு மிகாத வெப்பத்தில் 14 நாள்வரை தாங்குமெனினும், நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுவதாலும், டர்பனின் சனவரிப் புழுக்கம் அந்த அளவை எளிதில் தாண்டிவிடுவதாலும், உறையிலுள்ள குறிப்பைப் படித்து, வெளியே எடுத்த தேதியைப் பெட்டிமீதே எழுதிவிடுங்கள். மீண்டும் குளிரில் வைத்தாலும் அந்தக் கெடு நீளாது.

போடுவதற்கு அரைமணி நேரம் முன்பு பேனாவை வெளியே எடுத்துவைத்தால் எரிச்சல் குறையும். வெந்நீரில் அமிழ்த்த வேண்டாம். தொடையிலோ, தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி வயிற்றிலோ, முறைக்கு ஓரிடமாக மாற்றிப் போடுங்கள். காய்ச்சல் இருந்தால் போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

உடன் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எடுப்பவர்கள், காவடி விரதத்துக்காகக்கூட அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.