போக்கிமானைப் பிள்ளைகளோடு பார்ப்பது எப்படி: ஓர் அத்தையின் வழி

போக்கிமான் என்பது விசித்திர உயிரினங்களைப் பிடித்துப் பழக்கி மோதவிடும் ஜப்பானிய கார்ட்டூன் தொடர், அந்த உயிரினங்களுக்கும் அதே பெயர்தான். முதல் எபிசோடில் ஆரம்பித்து வரிசையாகப் பார்த்து முடித்துவிடலாம் என்று மட்டும் உட்காராதீர்கள். நாயகன் ஆஷும் அவனுடைய போக்கிமான் பிக்காச்சுவும் வருகிற எபிசோடுகளே 1,200-ஐத் தாண்டும். 1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் டிவி டோக்கியோவில் தொடங்கியது, அவர்கள் கதை 2023 மார்ச்சில்தான் முடிந்தது. அத்தனை வருடமும் ஆஷுக்குப் பத்து வயதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி இல்லையே. அதனால் பொறுக்கித்தான் பார்க்க வேண்டும்.

எதைப் பொறுக்குவது என்பதற்கு என்னிடம் ஒரே ஓர் அளவுகோல். இது வீடியோ கேமிலிருந்து வந்த தொடர். 1996 பிப்ரவரியில் நின்டெண்டோவின் கேம் பாய்க்கு 'ரெட்', 'கிரீன்' என்று இரண்டு கேம்கள் வந்தன. தொடர் அடுத்த வருடம். கேமில் எல்லாமே கணக்கு. எந்த இனம் எந்த இனத்தை அடிக்கும், எத்தனை மடங்கு அடிக்கும், எந்த லெவலில் உருமாறும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. தொடரை எழுதியவர்கள் அந்த விதிகளை அப்படியே படமாக எடுத்த எபிசோடுகள் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். விதியை உடைத்த எபிசோடுகளில்தான் கதை இருக்கிறது. ஆகவே முதலில் பிள்ளைக்கு விதியைக் கற்றுக்கொடுங்கள். எங்கே உடைகிறது என்று அதுவே கண்டுபிடித்துக் கத்தட்டும்.

விதி கற்றுக்கொடுக்க கேம் வாங்கவே தேவையில்லை. மதுரையில் எங்கள் வீட்டுக்குக் கோடை விடுமுறைக்கு வரும் அண்ணன் பிள்ளைகளுக்கு நான் செய்தது இதுதான். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டோம். இப்போது கேமில் மொத்தம் 18 இனங்கள். முதல் கேமில் 15தான், ஆரம்பிக்க அதுகூட அதிகம். நெருப்பு, நீர், செடி, மின்சாரம், பாறை, மண், பறவை, பூச்சி என்று எட்டு போதும். நெருப்பு செடியை எரிக்கும், செடி நீரைக் குடிக்கும், நீர் நெருப்பை அணைக்கும். மின்சாரம் நீரையும் பறவையையும் தாக்கும், ஆனால் மண்ணிடம் செல்லாது. வீட்டில் எர்த் கம்பி எதற்கு என்று கேட்டிருக்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடுத்து அட்டைகள். அழைப்பிதழ் அட்டைகளை வெட்டி, ஆளுக்கு ஆறு போக்கிமான் வரையச் சொல்லுங்கள். கேமிலும் கையில் ஆறுதான் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் உயிர் பத்துப் புளியங்கொட்டை. சாதாரண அடிக்கு இரண்டு கொட்டை போகும். பலவீனமான இனத்தின் மீது விழுந்தால் நான்கு, தாங்கக்கூடிய இனம் என்றால் ஒன்று, செல்லாத இனம் என்றால் ஒன்றுமில்லை. கேமில் இருக்கும் இரட்டிப்பு, பாதி, பூஜ்யம் கணக்கும் இதுவேதான். இரண்டு இனம் சேர்ந்த போக்கிமான் என்றால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஓனிக்ஸ் பாறையும் மண்ணுமாக இருப்பதால் அதன் மீது தண்ணீர் பட்டால் நான்கு மடங்கு, எட்டுக் கொட்டை காலி. வாய்ப்பாடு என்றால் ஓடி ஒளிகிற சின்னவள் இந்தக் கணக்கை மட்டும் வாயிலேயே போட்டுவிடுவாள்.

இன்னொரு விதியையும் சேருங்கள்: யாரிடமும் எல்லா இனமும் இருக்கக் கூடாது. பெரியவனிடம் நீர் இனம் இருந்தால் சின்னவளிடம் இருக்கக் கூடாது. அசல் கேமையே அப்படித்தான் செய்தார்கள். ரெட்டில் கிடைப்பது சில கிரீனில் கிடைக்காது. எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு கேம் பாயைக் கேபிளால் இணைத்து ஒரு நண்பரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். கேமை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் டோக்கியோ பக்கத்து மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்தக் கேபிளைப் பார்த்தபோது அதன் வழியாகப் பூச்சிகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதாம். ஜப்பானிய வடிவில் ஆஷின் பெயரும் சதோஷிதான், அவரை வைத்தே வைத்தது.

இரண்டு மூன்று நாள் அட்டை ஆடியபின் டிவியைப் போடுங்கள். முதல் எபிசோடை விடவே கூடாது. முதல் போக்கிமானை வாங்க வேண்டிய நாளில் ஆஷ் தூங்கிவிட்டுத் தாமதமாகப் போகிறான். கேமில் கிடைக்கும் பல்பசார், சார்மாண்டர், ஸ்குவர்ட்டில் மூன்றும் போய்விடுகின்றன. மிச்சமிருப்பது சொன்ன பேச்சு கேட்காத பிக்காச்சு. முதல் கேமில் பிக்காச்சு காட்டில் எப்போதாவது தட்டுப்படும் ஒரு சாதாரண எலிதான், நாயகன் கிடையாது. தொடர் அதைத் தூக்கிவிட்டதும், 1998-ல் 'யெல்லோ' என்று புது கேமே போட்டார்கள். அதில் ஆரம்பத்திலேயே கிடைப்பது பிக்காச்சு, அது உங்கள் பின்னாலேயே நடந்துவரும்.

இந்தக் கதையில் ஜிம் என்றால் சண்டைக்களம், அதன் தலைவரை ஜெயித்தால் ஒரு பேட்ஜ் கிடைக்கும், பேட்ஜ்கள் சேர்ந்தால் லீக் என்ற பெரிய போட்டிக்குப் போகலாம். அடுத்து நேராக அப்படி ஒரு தலைவனான ப்ராக்கின் ஜிம்முக்குப் போய்விடுங்கள், ஐந்தாவது எபிசோடு. பிக்காச்சுவின் மின்சாரம், எதிரே ஓனிக்ஸ். இங்கேதான் பெரியவன் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றான். "அத்தை, தப்பு! மண்ணு மேல கரண்ட் ஏறாது!" சரியாகச் சொன்னான். படத்தில் தீப்பிடித்து, மேலே இருக்கிற தீயணைப்புக் குழாய்கள் தண்ணீரைக் கொட்ட, நனைந்த ஓனிக்ஸ் துவண்டுபோகிறது. கேமில் எவ்வளவு நனைந்தாலும் மின்சாரம் பூஜ்யம்தான். இங்கே நிறுத்துங்கள். "சரிடா, இப்ப ஆஷ் ஜெயிச்சது நியாயமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்தபிறகு மீதியைப் போடுங்கள். ஏனென்றால் ஆஷும் அதையேதான் யோசிக்கிறான். ப்ராக்கின் தம்பி தங்கைகள் வந்து மறிக்கிறார்கள், அவன் சண்டையை நிறுத்திவிட்டு வெளியே நடக்கிறான். பின்னாலேயே வந்து ப்ராக் பேட்ஜைக் கொடுக்கிறான்.

இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த பல எபிசோடுகளுக்கு உங்களுக்கு வேலையே இல்லை. கேமில் எட்டு பேட்ஜையும் அடித்துத்தான் வாங்க வேண்டும். தொடரில் ஆஷ் எதை எப்படி வாங்குகிறான் என்று காலண்டர் தாளின் ஓரத்தில் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ஆஷோடு பயணம் செய்யும் மிஸ்டியின் அக்காக்கள் கொடுத்தது, டீம் ராக்கெட் என்ற திருட்டுக் கும்பலிடமிருந்து ஜிம்மைக் காப்பாற்றியதற்கு. இன்னொரு ஜிம் தலைவி எரிகா கொடுத்தது, தீக்குள் போய் அவளுடைய க்ளூம் என்ற போக்கிமானை மீட்டதற்கு. சப்ரினாவின் பேட்ஜ், சிரிப்பே மறந்த அவளை ஆஷ் கூட்டிவந்த ஒரு பேய் சிரிக்க வைத்ததால். நடுவே ஒழுங்காக அடித்து ஜெயித்ததும் உண்டு. லெஃப்டினன்ட் சர்ஜிடம் பிக்காச்சு முதலில் தோற்று ஆஸ்பத்திரிக்குப் போகிறது. இடிக்கல்லைத் தொட்டால் ராய்ச்சுவாகிப் பலம் கூடும் என்கிறார்கள், வேண்டாம் என்று தட்டிவிடுகிறது. மறுநாள் வேகத்தால் ஜெயிக்கிறது. யெல்லோ கேமிலும் அந்தக் கல்லைக் கொடுத்தால் பிக்காச்சு மறுத்துவிடும். தொடரில் உடைந்த விதி கேமுக்குள் திரும்பிப் போய் விதியாகவே உட்கார்ந்துகொண்டது.

இடையில் மூன்று எபிசோடுகளைச் சேர்த்துப் பாருங்கள்: பல்பசார், சார்மாண்டர், ஸ்குவர்ட்டில் ஒவ்வொன்றாக ஆஷிடம் வருவது. இதில் சார்மாண்டர்தான் கனமானது. வாலில் எரியும் சுடர் அணைந்தால் அதன் உயிர் போய்விடும். அதை வளர்த்தவன் பாறைமேல் விட்டுப் போய்விட்டான், மழை வேறு பிடித்துக்கொள்கிறது. சின்னப் பிள்ளைகள் இங்கே அழும். அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

அழுகை என்றால் பட்டர்ஃப்ரீயைச் சொல்லாமல் முடியாது. ஆஷ் முதன்முதலில் பிடித்தது கேட்டர்பி என்ற பச்சைப் புழு. மெட்டாபாடாகி, பட்டர்ஃப்ரீயாகி, ஒரு கடற்கரையில் இளஞ்சிவப்புத் துணையோடு பறந்துபோகிறது. இதற்கு முன்னால் செயின்ட் ஆன் கப்பல் எபிசோடைப் பார்த்துவிடுங்கள். அதில் ஆஷ் இதே பட்டர்ஃப்ரீயை யாரிடமோ கொடுத்து ராட்டிகேட்டை வாங்கிக்கொள்கிறான், பிறகு மனசு கேட்காமல் திரும்ப வாங்குகிறான். கேபிளில் மாற்றிக்கொள்வதும் இதுவும் ஒன்றுதானா என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். கேமில் ஒரு போக்கிமானை விடுவிப்பது கம்ப்யூட்டர் மெனுவில் ஒரு வரி. இடம் போதாதபோது தேர்ந்தெடுத்தால், பெயரைச் சொல்லி 'பை' என்று எழுத்து வரும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியிலிருந்து ஒரு முழு எபிசோடை எடுத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

எபிசோடு எண்ணை நம்பித் தேடாதீர்கள். துப்பாக்கி காட்டும் ஒரு எபிசோடை ஆங்கிலத்தில் டப்பிங்கே செய்யவில்லை. வேறு சிலதும் விடுபட்டதால் எண்கள் இடத்துக்கு இடம் முன்பின்னாகும். கதையைச் சொல்லித் தேடுங்கள்.

விடுபட்டதில் ஒன்று முக்கியம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான, போரிகன் என்ற போக்கிமான் வரும் எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி, நொடிக்குப் பன்னிரண்டு முறை வேகத்தில் மின்னியது. வலிப்பும் தலைசுற்றலும் வந்து ஏறத்தாழ 700 பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தொடரை நான்கு மாதம் நிறுத்தினார்கள். அந்த எபிசோடை அதன்பின் எங்கேயும் காட்டவில்லை. ஜப்பானிய கார்ட்டூன்களின் ஆரம்பத்தில் 'அறையை வெளிச்சமாக வைத்து, தள்ளி உட்கார்ந்து பாருங்கள்' என்று போடுகிற வழக்கம் இதனால்தான் பரவியது. அப்படியே செய்யுங்கள். ட்யூப் லைட்டைப் போட்டுவிட்டு டிவியைப் போடுங்கள், பாயைச் சுவரோரம் தள்ளிப் போடுங்கள். இருட்டில் சினிமா மாதிரிப் பார்க்கிறேன் என்று அடம்பிடித்தால் டிவி கிடையாது என்று சொல்லிவிடுவேன். (மின்னலை உண்டாக்கியது பிக்காச்சுவின் அடி. பழி மட்டும் போரிகன்மேல் விழுந்தது. அது அதற்குப்பிறகு தொடரில் தலைகாட்டுவதே அபூர்வம்.)

முதல் சீசன் முடிவில் ஆஷ் இண்டிகோ லீகில் முதல் பதினாறு பேருக்குள் வந்து தோற்கிறான். தோல்விக்குக் காரணம் அவனுடைய சாரிசார்டே. பாறைமேல் காப்பாற்றப்பட்ட அந்தச் சார்மாண்டர்தான் வளர்ந்து, மைதானத்தில் சண்டை போட மாட்டேன் என்று படுத்துக்கொள்கிறது. பெரியவன் இங்கேயும் விதி பேசினான்: "நாமளே பிடிச்சது சொன்ன பேச்சு கேக்கணும்ல அத்தை?" அந்தக் காலத்துக் கேமில் ஆமாம், அடுத்தவரிடம் வாங்கியதுதான் பேட்ஜ் இல்லாவிட்டால் பேச்சுக் கேட்காது. தொடரில் அடுத்து வரும் ஆரஞ்சுத் தீவுகளில், உறைந்துபோன சாரிசார்டை ஆஷ் இரவெல்லாம் கைகளால் தேய்த்துச் சூடேற்றுகிறான். அன்றிலிருந்துதான் அது சொன்னதைக் கேட்கிறது. லீகில் தோற்ற எபிசோடைப் பார்த்த கையோடு இதைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரே சண்டையாக இருக்கும்.

அதன்பின் எல்லாவற்றையும் தாண்டி நேராக ஆலோலாவுக்குப் போகலாம் என்பது என் யோசனை. 2016 முதல் 2019 வரை வந்த பகுதி. ஓவியம் உருண்டையாக, இலகுவாக இருக்கும், ஆஷ் ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பான். நடுவில் வரும் யூனோவா பகுதியில், அத்தனை ஊர் சுற்றிய பையனுக்கு மறுபடி அ, ஆ கற்றுக்கொடுத்தார்கள். அதை விட்டால் நஷ்டமில்லை. சண்டை மட்டும் பிடிக்கும் பிள்ளை என்றால் ஆலோலாவுக்கு முன்னால் காலோஸ் பகுதியைக் கொடுங்கள், அடிதடி அங்கேதான் அருமை. ஆலோலாவில் ஒரு எச்சரிக்கை: லிட்டன் என்ற பூனைக்குட்டியைப் பார்த்துக்கொள்ளும் கிழட்டு ஸ்டவுட்லாண்ட் நாய் இறந்துபோகிறது. சொல்லாமல் காட்டுவார்கள், ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். வீட்டில் சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் அதை நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். ஆஷ் தன் முதல் பெரிய லீகை ஜெயிப்பதும் இந்தப் பகுதியில்தான், தொடர் ஆரம்பித்து 22 வருடம் கழித்து.

கேம் ஆடிப் பழகிய வளர்ந்த பிள்ளை என்றால், 2013-ல் வந்த 'போக்கிமான் ஆரிஜின்ஸ்' என்ற நான்கு பகுதிகளைத் தனியே பார்க்கச் சொல்லலாம். அதில் ஆஷ் கிடையாது. ரெட் கேமின் கதையைப் பெரும்பாலும் விதி பிசகாமல் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, பெரியவனுக்கு ரொம்பப் பிடித்தது.

2023 ஏப்ரலில் தொடங்கிய 'ஹொரைசன்ஸ்' தொடரில் நாயகி லிக்கோ, கூட ராய் என்ற பையன். ஆஷோடு பழகிவிட்ட பிள்ளையை நேரே இங்கே உட்கார வைத்தால் "ஆஷ் எங்க?" என்றுதான் கேட்கும். அதற்கு முன்னால், 2023 ஜனவரி முதல் மார்ச் வரை வந்த கடைசி 11 எபிசோடுகளைக் காட்டிவிடுங்கள். பழைய கூட்டாளிகளான மிஸ்டியும் ப்ராக்கும் திரும்ப வருவார்கள். அது முடிந்து இரண்டு நாள் விட்டு லிக்கோவைப் போடுங்கள், ஆறு வயதுக்காரி தகராறு செய்யாமல் பார்க்கிறாள்.