கொரோனா மாதிரி தொற்றுக் காலத்தில் வீட்டுச் சுத்தம்: ஜன்னலில் ஆரம்பித்து ப்ளீச்சிங் பவுடர் வரை

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். வாசலில் மஞ்சள் தண்ணீர், நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து, பால் பாக்கெட்டுக்கு சோப்புக் குளியல், திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் ஆட்கள் மேலேயே மருந்து தெளிக்கும் சுரங்கம். அந்தச் சுரங்கம் வந்த வேகத்தில் போயும் விட்டது. மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகமே அதே மாதம் சொல்லிவிட்டது. பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் வைரஸ் 3 நாள் வரை இருக்கிறது என்று ஆய்வகச் செய்தி ஒன்று மார்ச்சில் வந்திருந்தது, எல்லோரும் துடைத்துக்கொண்டே இருந்தோம். ஆனால் ஆய்வகத்தில் இருப்பது வேறு, அதைத் தொட்டு நோய் வருவது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம், கிருமி பட்ட இடத்தை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்குச் சொன்னது. பரவலில் பெரும்பங்கு மூச்சுக் காற்றுக்குத்தான்.

அதனால் நான் சொல்லும் வரிசையில் துடைப்பது முதலில் வராது. அடுத்து எந்தத் தொற்று வந்தாலும், ஏன், வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ காய்ச்சல் என்றாலும் இதே வரிசையில் செய்யலாம்.

படி 1: காற்று

வீட்டில் எதிரெதிராக இருக்கும் இரண்டு திறப்புகளைக் கண்டுபிடியுங்கள். ஹால் ஜன்னலும் சமையலறை ஜன்னலும், அல்லது பால்கனிக் கதவும் பின்கதவும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வரத் தயங்கும், இரண்டும் திறந்தால்தான் ஓடும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை தாளிக்கும்போது மட்டும் போடாமல், வீட்டில் ஆட்கள் கூடியிருக்கும் நேரமெல்லாம் ஓட விடுங்கள்.

ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் அவருக்குத் தனி அறை, அந்த அறை ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று தெருப்பக்கம் போகும், ஹால் பக்கம் வராது. அறைக் கதவைச் சாத்தி, அடியில் இருக்கும் இடைவெளியைப் பழைய துண்டால் அடைத்துவிடலாம். ஸ்பிளிட் ஏ.சி. பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் அதே காற்றையே குளிர்வித்துச் சுற்றுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை, ஆகவே நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஜன்னலை மூடி ஏ.சி. போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. ஆறு மணி ஆனதும் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம், சரிதான், டெங்குவும் வேண்டாமே. வெல்க்ரோ ஒட்டும் கொசுவலை வாங்கி மாட்டுங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

தனி அறைக்கே வழியில்லாத வீடு என்றால்? நோயாளியை ஜன்னலோரம் படுக்க வைத்து, அவரும் பார்த்துக்கொள்பவரும் மாஸ்க் போட வேண்டும். முடிந்தால் என்-95, துணி மாஸ்க் இதற்குப் போதாது.

படி 2: கை

இதை நீட்ட வேண்டாம். சோப்பு போதும், 20 வினாடி தேயுங்கள். கொரோனா வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும், எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் செய்கிற அதே வேலைதான். சானிடைசர் தண்ணீர் இல்லாத இடத்துக்கு. அதில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈரம் காயும் முன் அடுப்புப் பக்கமோ விளக்கேற்றவோ போகாதீர்கள், குப்பென்று பற்றும்.

படி 3: ப்ளீச்சிங் தண்ணீர்

இங்கேதான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

கடையில் வாங்கும் நல்ல ப்ளீச்சிங் பவுடரில் சுமார் 30 முதல் 33 சதவீதம் குளோரின் கிடைக்கும். வீட்டுத் தரை, கைப்பிடி, மேசைக்கு நமக்குத் தேவை 0.1 சதவீதக் குளோரின் கரைசல். அதாவது லிட்டருக்கு 3 கிராம், 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம். தராசு இல்லாவிட்டால் 500 கிராம் பாக்கெட்டைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி, இப்படி மொத்தம் நாலு முறை பிரித்தால் வரும் பங்கு கிட்டத்தட்ட 30 கிராம்தான். காய்ந்த பிளாஸ்டிக் ஸ்பூனால் எடுங்கள், மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு. தூசி மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுக்க எரியும்.

பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். சுடுதண்ணீர் கூடாது. குச்சியால் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள், சுண்ணாம்பு அடியில் படியும், மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். அன்று கரைத்ததை அன்றே தீர்க்க வேண்டும், மறுநாளைக்கு வீரியம் இறங்கிவிடும். வாந்தி, ரத்தம் பட்ட இடத்துக்கு மட்டும் இதைவிட ஐந்து மடங்கு கெட்டியாக, லிட்டருக்கு 15 கிராம்.

துடைப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. அப்புறம் துணியை நனைத்துத் துடைத்து 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். உடனே காயத் துடைத்தால் செய்த வேலை வீண். ஸ்டீல் கைப்பிடியை மட்டும் 10 நிமிடம் கழித்து வெறும் தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.

வீடு முழுக்கத் துடைக்கத் தேவையில்லை. நாலு கை தொடும் இடம் எது என்று பாருங்கள்: கேட் கொக்கி, காலிங் பெல், தாழ்ப்பாள், ஃப்ரிட்ஜ் கைப்பிடி, குழாய், மோட்டார் சுவிட்ச், டி.வி. ரிமோட். சுவிட்ச், ரிமோட், போன் இவற்றுக்கு ப்ளீச்சிங் வேண்டாம். சானிடைசரில் லேசாக நனைத்த துணி போதும், எதையும் மேலே ஸ்ப்ரே அடிக்காதீர்கள்.

மிக முக்கியம்: ப்ளீச்சிங் தண்ணீரோடு பாத்ரூம் ஆசிட்டையோ, டாய்லெட் கிளீனரையோ, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரையோ, வினிகரையோ சேர்க்கவே கூடாது. இரண்டு மருந்து போட்டால் இரண்டு மடங்கு சுத்தம் என்று நினைத்துத்தான் சேர்க்கிறார்கள். ஆசிட்டோடு சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, 1915-ல் முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்தருகே ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்ட அதே வாயு. தெரியாமல் கலந்துவிட்டால் மூச்சை அடக்கி வெளியே வந்துவிடுங்கள், கழுவி விட நிற்காதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

பினாயில்? வாசனைக்குப் போடலாம், வேறு நாளில். இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

படி 4: பாத்ரூம்

ஒரே பாத்ரூம் என்றால் நோயாளி கடைசியாகப் போகட்டும், போய் வந்ததும் ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் யாரும் போகாமல் விடுங்கள்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2003-ல் கொரோனா வகை வைரஸால் வரும் சார்ஸ் என்ற நுரையீரல் நோய் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. பாத்ரூம் தரை ஜாலிக்கு அடியில் தண்ணீர் தங்கி நிற்க வேண்டிய வளைந்த குழாய் பல வீடுகளில் காய்ந்து கிடந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் சாக்கடைக் காற்று அந்த வழியே வீட்டுக்குள் ஏறியது என்று விசாரணையில் சொன்னார்கள். நம் வீட்டிலும் விருந்தாளி பாத்ரூம், பால்கனி ஜாலி எல்லாம் மாதக்கணக்கில் காய்ந்துதான் இருக்கும். வாரம் ஒருமுறை ஒரு மக்கு தண்ணீர் ஊற்றுங்கள். செலவே இல்லாத வேலை, யாருமே செய்வதில்லை.

படி 5: துணி, பாத்திரம், காய்கறி, குப்பை

நோயாளியின் துணியை உதறாமல் நேராக சோப்புத் தண்ணீரில் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பாத்திரத்துக்கு வழக்கமான பாத்திர சோப்பே போதும். காய்கறியைத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோப்போ சானிடைசரோ போட்டால் அது வயிற்றுக்குள்தான் போகும்.

போட்ட மாஸ்க்கைப் பேப்பர் பையில் 3 நாள் ஒதுக்கி வைத்து, பிறகு கத்தரியால் வெட்டிக் குப்பையில் போடுங்கள், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன முறை இது. வெட்டாமல் போட்டால் யாராவது துவைத்துத் திரும்ப விற்கலாம். வீட்டில் நோயாளி இருந்தால் அவர் குப்பையை மற்றதோடு கலக்காமல் தனிப் பையில் கட்டி, குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

மீந்த ப்ளீச்சிங் பவுடரை பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடி, மேலே பெரிதாகப் பெயர் எழுதி, குழந்தை கைக்கு எட்டாத, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். சமையலறை அலமாரியில் வேண்டவே வேண்டாம், கோலமாவு டப்பா பக்கத்திலும் வேண்டாம்.