'கால்டு ஆஃப்' என்றால் போன் வராது

கிருஷ்ணகிரியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'த இன்ஸ்பெக்‌ஷன் இஸ் கால்டு ஆஃப்' என்று சூப்பர்வைசரிடமிருந்து மெசேஜ் வந்தது. போனில் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சாப்பிடக்கூடப் போகாமல் செல்லைக் கையில் பிடித்தபடி மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்‌ஷன் ரத்து என்பதுதான் செய்தி.

இப்படி ஒரு வெர்போடு 'ஆஃப்' போன்ற சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அதைத் துண்டு துண்டாக்கிப் பொருள் தேடுவதுதான் பெரிய தவறு. தமிழில் நாம் அப்படியா செய்கிறோம்? 'கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளிப்போட்டார்கள்' என்றால் யாரும் எதையும் தள்ளவில்லை, போடவும் இல்லை. 'புட் ஆஃப்' அச்சாக நம் 'தள்ளிப்போடு'தான். 'லுக் ஆஃப்டர்' நம் 'பார்த்துக்கொள்'. அதே லுக்குடன் 'ஃபார்' சேர்ந்தால் தேடுவது, 'இன்டு' சேர்ந்தால் விசாரிப்பது. பின்னால் வரும் சின்னச் சொல்லை அலட்சியமாக விட்டால் பொருளே மாறிவிடும். இன்டர்வியூ 'புட் ஆஃப்' என்றால் இன்னொரு நாள் போக வேண்டும். 'கால்டு ஆஃப்' என்றால் போகவே வேண்டாம்.

அடுத்தது, 'இட்', 'ஹிம்', 'தெம்' வரும் இடம். 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. ஃபேனுக்குப் பதில் 'இட்' வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'டர்ன் ஆஃப் இட்' என்று நம் ஊரில் தினமும் கேட்கிறேன். ஆனால் எல்லா வெர்பையும் இப்படிப் பிரித்துவிடாதீர்கள். 'லுக் ஆஃப்டர் ஹிம்' பிரியாது.

தேவையில்லாத ஒட்டும் வேண்டாம். 'கோப் அப் வித்' அல்ல, 'கோப் வித்'. 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' இரண்டிலும் பின்சொல்லை எடுத்துவிடுங்கள்.

'கெட்' என்று தலைப்புப் போட்டு முப்பது வெர்பை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. மறுநாளே ஒன்றோடொன்று குழம்பிவிடும். நாளுக்கு இரண்டு போதும். அதையும் உங்கள் வீட்டில் நடந்ததை வைத்து முழு வாக்கியமாக எழுதுங்கள். மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் நோட்டில் எழுதியது இது: 'த ட்ரேடர் ஆஃபர்டு எ லோ ப்ரைஸ். மை ஃபாதர் டர்ன்டு இட் டவுன்.' வியாபாரி குறைந்த விலைக்குக் கேட்டார், அப்பா முடியாது என்று அனுப்பிவிட்டார். 'இட்' எங்கே நிற்கிறது, பாருங்கள்.