எஸ்எஸ்டி வாங்கும் முன் மடிக்கணினியில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ இருந்துகொண்டு இணையத்தில் எஸ்எஸ்டிக்கு (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் வேகமான சேமிப்பு டிரைவ்) ஆர்டர் செய்து, வந்தது பொருந்தவில்லை என்றால், அதைத் திருப்பி அனுப்பி வேறொன்று கைக்கு வருவதற்குள் நாள்கள் ஓடிவிடும். எனவே பணம் கட்டும் முன்பே மடிக்கணினியின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. அடியில் ஒட்டியுள்ள லேபிளில் இருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அதற்குரிய சர்வீஸ் மேனுவலையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே வரிசைப் பெயரில் உள்ளமைப்பு மாறிய மாடல்கள் பல வருவதால், வரிசைப் பெயரை மட்டும் நம்பக் கூடாது.

கழற்றும் முன் கணினியை முழுவதுமாக அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குங்கள். திறந்ததும் பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். கடற்காற்று படும் வீடுகளில் ஸ்க்ரூ தலையில் துரு பிடித்திருப்பது வழக்கம். அளவு சரியான, முனை தேயாத ஸ்க்ரூ டிரைவரை நேராக அழுத்திப் பிடித்துத் திருப்பாவிட்டால், தலையின் வெட்டு மழுங்கி ஸ்க்ரூ வெறுமனே சுழலும். பழைய டிரைவின் இணைப்பு முனைகளில் களிம்பு ஏறியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, நன்றாக உலர்ந்த பிறகே புதியதைச் செருக வேண்டும்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினி போன்ற பழையவற்றில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா (டிரைவைக் கணினியோடு இணைக்கும் பழைய முறை) ஹார்டு டிஸ்க்தான் இருக்கும். இங்கே பார்க்க வேண்டியது தடிமன் மட்டுமே. 7 மி.மீ. எஸ்எஸ்டியை 9.5 மி.மீ. இடத்தில் சிறு சட்டம் வைத்துப் பொருத்திவிடலாம், 7 மி.மீ. இடத்தில் 9.5 மி.மீ. டிரைவ் நுழையாது. சாட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும் என்றாலும், ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

பலர் ஏமாறுவது எம்.2 விஷயத்தில்தான். எம்.2 என்பது போர்டில் நேராகச் செருகும் சிறு அட்டையின் வடிவத்தை மட்டுமே குறிக்கும். அந்த வடிவத்துக்குள் சாட்டாவும் வரும், பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் இயங்கும் என்விஎம்இயும் வரும். இணைப்பு முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா. எம் கீ எனப்படும் ஒற்றை வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டுள்ள சாட்டா அட்டை எம் கீ ஸ்லாட்டில் தடையின்றி உட்கார்ந்துவிடும் என்பதுதான் சிக்கல். அந்த ஸ்லாட்டுக்குச் சாட்டா இணைப்பு கொடுக்கப்படவில்லை என்றால், அட்டை கச்சிதமாகப் பொருந்தியும் கணினியின் கண்ணுக்கே தெரியாது. ஆகவே மேனுவலில் அந்த ஸ்லாட்டுக்கு நேராகச் சாட்டா, பிசிஐஇ இரண்டில் எது குறிப்பிடப்பட்டுள்ளது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். வைஃபை அட்டைக்கான எம்.2 ஸ்லாட்டை டிரைவுக்கான காலி இடம் என்று நினைத்துவிடவும் கூடாது.

அடுத்தது நீளம். 2280 என்றால் அகலம் 22 மி.மீ., நீளம் 80 மி.மீ.; 2242, 2230 ஆகியவற்றையும் அப்படியே படிக்க வேண்டும். அட்டையின் முனையைப் பிடிக்கும் ஸ்க்ரூவுக்கான துளை எந்த நீளத்தில் இருக்கிறது என்பதை அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம். மெல்லிய மடிக்கணினிகளில் இருபுறமும் சிப் உள்ள அட்டை இடிக்கும் என்பதால் ஒருபுற அட்டையே பாதுகாப்பானது. பிசிஐஇ நான்காம் தலைமுறை டிரைவ் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலும் ஓடும், ஆனால் நொடிக்குச் சுமார் 3,500 எம்பிக்கு மேல் போகாது. விலை ஒன்றாக இருந்தால் வாங்கலாம், அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண். இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலியும் அதற்கு முந்தையவையும் உள்ள மடிக்கணினிகள் பெரும்பாலும் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாது. இஎம்எம்சி என்ற சிப் வகைச் சேமிப்பு போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருப்பதால் அதை மாற்ற வழியில்லை.

இருப்பது ஒரே ஸ்லாட் என்றால், பழைய டிரைவில் உள்ளதை அப்படியே புதியதற்கு நகலெடுக்க (குளோன் செய்ய), டிரைவை வெளியிலிருந்து இணைக்கும் உறையான யூஎஸ்பி என்க்ளோஷர் தேவைப்படும். சாட்டாவுக்கானதில் என்விஎம்இ வேலை செய்யாது என்பதால் அதையும் பார்த்தே வாங்குங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், அதைத் திறக்க உதவும் ரெகவரி கீயை முதலிலேயே வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பொருந்திய பிறகும் விண்டோஸை நிறுவும்போது டிரைவ் தென்படவில்லை என்றால், அது பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல மடிக்கணினிகளில் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) விஎம்டி என்ற இன்டெலின் சேமிப்பு அமைப்பு இயக்கத்தில் இருப்பதே காரணமாக இருக்கும். நிறுவும் திரையில் அதற்குரிய இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் மென்பொருளை ஏற்றியதும் டிரைவ் பட்டியலில் வந்துவிடும்.