ஜப்பானிய இலக்கிய வரலாறு: படிக்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய இலக்கியம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே படம்தான் மனத்தில் வரும். செர்ரிப் பூ, பனி, தேநீர்க் கோப்பை, மூன்று வரி ஹைக்கூ, ஓரமாக ஒரு ஜென் துறவி. இந்தப் படத்தோடு ஆயிரத்து முந்நூறு ஆண்டு வரலாற்றுக்குள் நுழைந்தால் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும். இந்த இலக்கியத்தின் பெரும்பகுதி நாலு பேர் கூடிய இடத்தில், பேச்சும் பாட்டும் சிரிப்புமாக வளர்ந்தது. பின்னால் வந்தவர்கள்தான் அதைத் தனியறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

பலரும் ‘கெஞ்ஜியின் கதை’யிலிருந்து தொடங்குகிறார்கள். ‘உலகின் முதல் நாவல்’ என்ற பட்டம் ஒரு காரணம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண்மணி எழுதியது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்னூறு ஆண்டு முன்பே, 712இல், ‘கொஜிகி’ என்ற புராண வரலாற்று நூல் தொகுக்கப்பட்டுவிட்டது. ஹியேதா நோ ஆரே மனப்பாடமாக வைத்திருந்த பழங்கதைகளை ஓ நோ யசுமாரோ எழுத்தில் வடித்தார் என்று அதன் முன்னுரையே சொல்கிறது. 8ஆம் நூற்றாண்டின் ‘மன்யோஷு’ தொகுப்பில் சுமார் 4,500 பாடல்கள் இருக்கின்றன. அரசர் பாடியவையும் உண்டு, எல்லைக் காவலுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட சாதாரண வீரர்கள் பாடியவையும் உண்டு. முரசாகிக்கே தன் முன்னோர் யார் என்று தெரியும். மூங்கில் வெட்டும் கிழவரின் கதையை ‘கதைகளுக்கெல்லாம் மூதாதை’ என்று தன் நூலுக்குள்ளேயே குறிப்பிடுகிறார். ‘முதல்’ பட்டத்தை விட்டுவிட்டால் அந்த நூலை இன்னும் நன்றாகவே ரசிக்கலாம்.

கெஞ்ஜியில் வாசகர்கள் செய்யும் இன்னொரு தவறு, நடுநடுவே வரும் கவிதைகளைத் தாண்டிப் போவது. 54 அத்தியாயங்களில் ஏறக்குறைய 800 கவிதைகள் வருகின்றன. அவற்றை அலங்காரம் என்று நினைத்தால் கதையே புரியாது. திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணிடம் ஆண் நேராகப் பேசிவிட முடியாத அரண்மனை அது. காதலைச் சொல்வது, மறுப்பது, குத்திக்காட்டுவது, மன்னிப்புக் கேட்பது எல்லாமே கவிதைச் சீட்டுகள் வழியாகத்தான். எந்தக் காகிதம், எந்த மரத்துக் கிளையில் கட்டி அனுப்பினார்கள், பதில் வர எவ்வளவு நேரமானது என்பதுவரை அர்த்தம் இருந்தது. அதனால் கவிதைகளை உரையாடலாகப் படியுங்கள்.

‘பெண்களுக்குச் சீனம் தெரியாது, அதனால் கானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் எழுதினார்கள்’ என்ற வாக்கியமும் எல்லா அறிமுகக் கட்டுரையிலும் வரும். அது அரை உண்மை. தம்பிக்கோ அண்ணனுக்கோ தந்தை சீனப் பாடம் நடத்தும்போது பக்கத்தில் இருந்து கேட்டே தான் கற்றுக்கொண்டதையும், ‘இவள் ஆணாகப் பிறக்கவில்லையே’ என்று தந்தை வருந்தியதையும் முரசாகி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பேரரசி ஷோஷிக்குச் சீனக் கவி பாய் ஜூயியின் பாடல்களை ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். சீனம் தெரிந்த பெண் அதை வெளிக்காட்டக் கூடாது என்பதுதான் அன்றைய நிலைமை. கானா எழுத்து பெண்களுக்கு மட்டும் ஆனதும் இல்லை. 905இல் பேரரசர் ஆணையால் தொடங்கிய ‘கொகின்ஷு’ தொகுப்புக்குக் கானாவில் முன்னுரை எழுதியவர் கி நோ சுராயுகி, ஓர் ஆண். அதே மனிதர் பிறகு தோசா மாகாணத்திலிருந்து தலைநகர் திரும்பிய பயணத்தை ஒரு பெண் எழுதுவதுபோல எழுதினார். சுவாரசியமான ஆள்.

அடுத்து ‘ஹெய்கே கதை’. இதைச் சாமுராய்களின் வீரப் பெருமை என்று எடுத்துக்கொண்டு படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அது 1185இல் அழிந்துபோன ஹெய்கே என்ற குலத்தின் வீழ்ச்சிக் கதை. பார்வையற்ற கலைஞர்கள் பிவா என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டியபடி ஊர் ஊராகப் பாடி வளர்த்தது. இன்று பரவலாகப் படிக்கப்படும் வடிவம், ககுயிச்சி என்ற பாடகர் 1371இல் தன் சீடருக்குச் சொல்லி எழுதவைத்தது. சில இடங்களில் சொன்னதே திரும்ப வருகிறது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அது கேட்பவர்களுக்காக அமைந்தது.

சரி, ஹைக்கூவுக்கு வருவோம். தவறுகள் அதிகம் குவிந்திருக்கும் இடம் இதுதான். 1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே நம்மை ஈர்த்தது அதன் சுருக்கம். அதனால் 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பாஷோ தனியாக உட்கார்ந்து மூன்று வரி எழுதினார் என்றே நினைத்துவிடுகிறோம். உண்மையில் அவருடைய முக்கியத் தொழில் தொடர்கவிதைக் கூட்டங்களை நடத்துவது. விருந்தினராக வந்த கவிஞர் முதல் கண்ணியைச் சொல்வார், வீட்டுக்காரர் அதற்கு இரண்டாவதைக் கட்டுவார், மற்றவர்கள் மாறி மாறித் தொடுப்பார்கள். பாஷோ பள்ளியில் பெரும்பாலும் 36 கண்ணிகள். முதல் கண்ணிக்கு ‘ஹொக்கு’ என்று பெயர். அதில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் கட்டாயம் வந்தது, அன்றைய நாளையும் அந்த வீட்டையும் வாழ்த்தித் தொடங்கும் மரபால்.

ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1689இல், வடக்கு நோக்கிய நடைப்பயணத்தில், மொகாமி ஆற்றங்கரையில் ஓயிஷிதா என்ற ஊரில் படகு வணிகர் ஒருவர் வீட்டில் கூட்டம் நடந்தது. கோடை. பாஷோ சொன்ன தொடக்கம், மழைக்காலத்து நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு குளுமையாக இருக்கிறது மொகாமி ஆறு என்ற பொருளில் அமைந்தது. ‘உங்கள் வீடு எவ்வளவு குளுகுளுவென்று இருக்கிறது’ என்று வீட்டுக்காரருக்குச் சொன்ன உபசாரம் அது. பிறகு பயணநூலில் சேர்க்கும்போது ‘குளுமை’ போய் ‘வேகம்’ வந்தது. இடையில் அவர் அந்த ஆற்றில் படகில் போயிருந்தார். கவிதையிலிருந்து வீட்டுக்காரர் போய்விட்டார், வெள்ளம் மட்டும் நின்றது. நாம் படிப்பது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான்.

ஹொக்குவைத் தொடரிலிருந்து முழுதாகப் பிரித்து, ‘ஹைக்கூ’ என்ற பெயரில் தனிக் கவிதையாக நிலைநிறுத்தியவர் மசவோகா ஷிகி, 1890களில். ‘பாஷோவின் பழம்பெரும் ஹைக்கூ’ என்று எழுதும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 5-7-5 கணக்கிலும் குழப்பம் உண்டு. அங்கே எண்ணுவது நம் எழுத்தையோ அசையையோ அல்ல. ஏறக்குறைய நம் மாத்திரை மாதிரி. நெடிலுக்கு இரண்டு, அதனால் ‘தோக்யோ’ என்ற ஊர்ப்பெயருக்கு நான்கு. அச்சில் ஹைக்கூ பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரிதான். அந்தக் கணக்கையும் பாஷோ வேண்டியபோது மீறியிருக்கிறார்.

எடோ காலத்தில் (1603–1868) நாடு கதவடைத்துக்கொண்டதால் இலக்கியமும் தூங்கியது என்று நினைப்பதும் தவறு. அச்சுத்தொழிலும் வாடகைப் புத்தகக்காரர்களும் பெருகிய காலம் அது. இஹாரா சைக்காகு காசையும் காமத்தையும் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். சிகாமட்சு பொம்மலாட்ட மேடைக்கு எழுதினார். பாக்கின் 1814 முதல் 1842 வரை 106 புத்தகங்களாக ஒரே கதையை வெளியிட்டார். கடைசியில் பார்வை போய்விட, அவர் சொல்லச் சொல்ல மருமகள் எழுதி முடித்தார்.

அப்புறம் மேற்கத்தியத் தாக்கம். மெய்ஜி காலத்தில் (1868–1912) நாவல் மேற்கிலிருந்து அப்படியே இறக்குமதியானது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நாவலாசிரியர் ஃபுதாபதேய் ஷிமெய் துர்கனேவை ரஷ்ய மொழியிலிருந்தே பெயர்த்தவர், அது உண்மை. ஆனால் 1887இல் தன் நாவலைத் தொடங்குவதற்கு முன், எப்படிப்பட்ட நடையில் எழுதுவது என்று விமர்சகர் சுபோஉச்சி ஷோயோவிடம் கேட்டபோது கிடைத்த யோசனை வேறு: எஞ்சோ கதை சொல்வதுபோல எழுதிப் பார். எஞ்சோ, மேடையில் உட்கார்ந்து கதை சொல்லும் ரகுகோ கலைஞர். அவர் பேச்சைச் சுருக்கெழுத்தில் பிடித்து 1884இல் அச்சிட்டிருந்தார்கள். நவீன உரைநடைக்கு இப்படி ஒரு நாட்டு வேரும் உண்டு.

சின்னக் குழப்பங்கள் சில. இயக்குநர் குரோசவாவின் 1950ஆம் ஆண்டு ‘ரஷோமோன்’ படத்தின் மையக் கதை, எழுத்தாளர் அகுதாகாவாவின் அதே பெயர்க் கதையில் இல்லை. அவருடைய ‘தோப்புக்குள்’ என்ற 1922ஆம் ஆண்டுக் கதையில் இருக்கிறது. கசுவோ இஷிகுரோ நாகசாகியில் பிறந்தாலும் ஆங்கிலத்தில் எழுதும் பிரிட்டிஷ் எழுத்தாளர். ஜப்பானிய மொழியில் எழுதி நோபல் இலக்கியப் பரிசு பெற்றவர்களில் அவரைச் சேர்க்கக் கூடாது. நட்சுமே சோசெகியில் குடும்பப் பெயர் நட்சுமே, ஆனால் எல்லாரும் சொல்வது சோசெகி என்ற புனைபெயரை.

செர்ரிப் பூ, ஜென், தனிமை என்ற படம் உலகம் முழுக்கப் பரவியதில் 1968க்கு ஒரு பங்கு உண்டு. நாவலாசிரியர் கவபாதா அந்த ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ‘அழகிய ஜப்பானும் நானும்’ என்று உரையாற்றினார். துறவிகள் தோகென், ம்யோஎ ஆகியோரின் கவிதைகளோடு தொடங்கினார். 1994இல் அதே மேடைக்கு வந்த ஓஎ கென்சபுரோ தன் உரைக்கு வைத்த தலைப்பு, ‘தெளிவற்ற ஜப்பானும் நானும்’. கவபாதாவின் தலைப்பை வேண்டுமென்றே சீண்டிய அந்த உரையில், அந்த ‘அழகிய ஜப்பானோடு’ தன்னால் ஒட்ட முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றோடு நிறுத்திவிடுவதும் ஒரு தவறுதான்.