லொக்குக்குள் கயிற்றைக் கட்டாதீர்கள்

திருகோணமலை ஜெட்டிக்கும் மூதூருக்கும் இடையே பல வருடம் லாஞ்ச் ஓட்டியவன் நான். பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகும் நம் ஊர்க்காரருக்கு அங்கே கால்வாய்ப் படகு எடுத்து ஓட்டும் ஆசை வந்தால், இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

வாடகைப் படகு ஓட்ட லைசன்ஸ் தேவையில்லை. சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். நம் பைபர் போட் மோட்டரும் அப்படித்தானே. வேகம் மணிக்கு 4 மைல். நடக்கிற வேகம்தான். கவனம் முழுக்க லொக்கில் வேண்டும்.

லொக் என்பது மேட்டுக் கால்வாய்க்கும் பள்ளத்துக் கால்வாய்க்கும் இடையே படகை ஏற்றி இறக்க, இரண்டு பக்கமும் கதவு போட்ட ஒரு தொட்டி. கந்தளாய்க் குளத்துத் துருசு (மதகு) பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். கதவிலும் கரையிலும் சின்னச் சின்னத் துருசுகள் இருக்கும். ‘ட’ எழுத்துப் போல வளைந்த இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் துருசு திறக்கும். மேல் துருசைத் திறந்தால் தண்ணீர் ஏறும், கீழ்த் துருசைத் திறந்தால் இறங்கும். உள்ளும் புறமும் மட்டம் சரியானதும் கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளுங்கள். மட்டம் சரியாகுமுன் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது.

நாங்கள் போனது பர்மிங்ஹாமுக்குத் தெற்கே டார்டபிக் என்ற இடத்துக்கு. அடுத்தடுத்து 30 லொக், மொத்தம் 220 அடி இறக்கம். லொக்கின் அகலம் 7 அடி சொச்சம், படகு 6 அடி 10 அங்குலம். அதனால் பக்கத்தில் தொங்கும் தாங்கிகளை முதலே மேலே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இறுகிக்கொள்ளும்.

மூன்றாவது லொக்கில் நான் கரைக் கட்டையில் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கை பழகிய வேலை. நம் துறைமுகத்தில் நாள் முழுக்கப் பார்த்தாலும் தண்ணீர் முழங்கால் அளவுக்கு மேல் ஏறி இறங்காது. அங்கேயோ சில நிமிடத்தில் ஏழெட்டு அடி இறங்குகிறது. கயிறு விறைத்தது, பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட படகு ஒரு பக்கம் தொங்கத் தொடங்கியது, முடிச்சு அவிழவில்லை. மருமகன் ஓடிப்போய்க் கீழ்த் துருசை மூடி, மேல் துருசைத் திறந்தான். தண்ணீர் திரும்ப ஏறியதும்தான் மூச்சு வந்தது. கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடியுங்கள். தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள்.

இறங்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல் கதவுக்கு அடியில் ஒரு கல் திண்ணை இருக்கிறது. தண்ணீர் குறையும் வரை அது கண்ணில் படாது. கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்புறம் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழ்க் கதவுப் பக்கமாக நிற்க வேண்டும். பின்புறம் திண்ணையில் ஏறினால் அணியம் (முன்புறம்) தாழ்ந்து படகு மூழ்கும். சுக்கானில் நிற்பவர் கோட்டைப் பார்க்கட்டும், துருசில் நிற்பவர் படகைப் பார்க்கட்டும், தொலைபேசி இருவர் கையிலும் வேண்டாம்.

ஏறும்போது துருசைப் பாதி திறந்து, படகு அடங்கிய பிறகு மிச்சத்தைத் திறங்கள். கைப்பிடியைத் துருசில் விட்டுவிட்டு நகராதீர்கள். துருசைத் தாங்கிப் பிடிக்கும் பூட்டு நழுவினால் கைப்பிடி சுழன்று முகத்தில் அடிக்கும்.

வெளியேறும்போது துருசுகளை இறக்கிக் கதவைச் சாத்துங்கள். ஆனால் எதிரே படகு வந்தால் கதவைத் திறந்தே விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லட்சம் லீற்றருக்கு மேல் தண்ணீர் கீழே போகிறது. எதிரே வருபவருக்குத் தொட்டி ஏற்கெனவே சரியான மட்டத்தில் இருக்கும், அதற்காக இன்னொரு தொட்டித் தண்ணீரை விட வேண்டியதில்லை.